வளைய மூலக்கூறு சென்சார்: ரத்தத்தில் வேலை செய்யுமா, பேப்பரில் மட்டும்தானா?

தறிச்சத்தம்
செவ்வாய், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. வளைய வடிவ மூலக்கூறுகளை வைத்து உயிரியல் பொருள்களைக் கண்டுபிடிக்கும் ஒளிர்வு சென்சார் என்பது என் புராஜெக்ட். நான் பிடிக்க வேண்டிய ஆள் கடாவரின். மீனும் இறைச்சியும் கெடும்போது லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகிற அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள காரப் பொருள். பிணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பாட்டிலைத் திறந்தால் காரணம் புரிந்துவிடும்.

நான் செய்தது இவ்வளவுதான்: காய்ச்சி வடித்த நீரில் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையம், அதில் கொஞ்சம் ஃபுளோரசீன் சாயம். கடாவரின் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் பச்சை ஒளிர்வு நாலு மடங்கு ஏறுகிறது. கைடுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் இரண்டு சந்தேகம்.

ஒன்று: நான் படித்த கட்டுரை எல்லாமே 'வருங்காலத்தில் நோயறியப் பயன்படும்' என்று முடிகின்றன. 20 வருடத்துக்கு முந்தைய கட்டுரையும் அப்படித்தான் முடிகிறது. அந்த வருங்காலம் வந்துவிட்டதா? வேலூரில் தெருவுக்கு ஒரு லேப் இருக்கிறது. அதில் ஒன்றிலாவது வளையம் இருக்கிறதா? வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

இரண்டு: காலையில் எடுத்த ரீடிங்கும் மத்தியானம் எடுத்ததும் ஒத்துவரவே மாட்டேன் என்கிறது.

மக்கன்பேடா
செவ்வாய், இரவு 9.58

வளையம் என்றால் மெதுவடை மாதிரியா? நான் ஆற்காடு. எங்கள் ஊர்ப் பேடாவுக்குள் முந்திரி, பாதாம் எல்லாம் ஒளிந்திருக்குமே, அந்த மாதிரியா? இன்னாபா, அறிவியல் படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். அப்புறம்தான் சண்டை.

வாலாஜா_வாத்தியார்
செவ்வாய், இரவு 10.35

வடையைவிடப் பிரிமனை பொருத்தம், தம்பி. பானையின் அடி உருண்டை, தரையில் நிற்காது, அதனால் வைக்கோலையோ துணியையோ சுற்றி வளையம் செய்து அதன்மேல் வைப்பார்கள். தலையில் வைத்தால் அதே வளையத்துக்குச் சும்மாடு என்று பெயர். பானைக்குத் தகுந்த பிரிமனை வேண்டும். சின்னச் சொம்பைப் பெரிய பிரிமனையில் வைத்தால் உள்ளே விழும், அண்டாவைச் சின்னதில் வைத்தால் கவிழும்.

கிரௌன் ஈதர் என்ற வளையம் இதே வேலையை அணு அளவில் செய்கிறது. கார்பனும் ஆக்சிஜனுமாகக் கோத்த மாலை, நடுவில் ஓட்டை. ஆறு ஆக்சிஜன் உள்ள 18-கிரௌன்-6 பொட்டாசியத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஐந்து உள்ளது சோடியத்துக்கு, நான்கு உள்ளது லித்தியத்துக்கு என்று வகுப்பில் நான் 31 வருடம் சொல்லியிருக்கிறேன். (பரீட்சைக்கு அது போதும். உண்மை அதைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பின்னால் யாராவது சொல்வார்கள்.)

இதைக் கண்டுபிடித்த சார்லஸ் பெடர்சனின் கதையை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்கு அலாதிப் பிரியம். கொரியாவின் பூசானில் பிறந்தவர், டூபான்ட் கம்பெனியில் வேலை, முனைவர் பட்டம் கிடையாது. வேறு எதையோ செய்யப் போன இடத்தில் 0.4 சதவீதம் மட்டும் ஒரு வெள்ளைப் படிகம் வேண்டாத பொருளாக வந்தது. நாமாக இருந்தால் சிங்க்கில் ஊற்றியிருப்போம். அவர் அது என்ன என்று பார்த்தார். 1967-ல் வெளியிட்டார். 1987-ல் டொனால்ட் கிராம், ழான்-மாரி லேன் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு 83 வயது.

மற்ற வளையங்களையும் சொல்லிவிடுகிறேன். சைக்ளோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை நொதியால் வெட்டி ஒட்டிய குளுக்கோஸ் வளையம், ஆல்ஃபாவில் 6, பீட்டாவில் 7, காமாவில் 8 குளுக்கோஸ். அடியில்லாத வாளி மாதிரி. வெளிப்பக்கம் தண்ணீரோடு சிநேகம், உள்பக்கம் எண்ணெயோடு. கேலிக்ஸரீன் கிண்ணம். குக்கர்பிட்யூரில் பூசணிக்காய், பெயரே பூசணிக் குடும்பத்தின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். 1905-லேயே பெரண்ட் அதைச் செய்துவிட்டார், ஆனால் கையில் இருப்பது பூசணி என்று தெரிந்தது 1981-ல்.

சீரம்_ட்யூப்
புதன், காலை 6.10

காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன், 14 வருட சர்வீஸ். டூட்டிக்குப் போவதற்கு முன் எழுதுகிறேன்.

தங்கச்சி, உன் முதல் சந்தேகத்துக்குப் பதில் எங்கள் மேசை மேலேயே இருக்கிறது. எலக்ட்ரோலைட் அனலைசர் என்று ஒரு பெட்டி. சோடியம், பொட்டாசியம், குளோரைடு பார்க்கும். அதில் பொட்டாசியம் எலக்ட்ரோடின் சவ்வுக்குள் வேலினோமைசின் என்ற மூலக்கூறு இருக்கிறது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்கிற வளையம் அது. கம்பெனி இன்ஜினியர் எலக்ட்ரோடு மாற்ற வந்தபோது சொன்னார், நான் அதுவரை ஏதோ உலோகக் கம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். பொட்டாசியம் 3.5 முதல் 5. அதாவது ஒரு பொட்டாசியத்தைச் சுற்றி முப்பதுக்கும் மேல் சோடியம் கூட்டமாக நிற்கும். வேலினோமைசின் பொட்டாசியத்தைச் சோடியத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு விரும்பும். அதனால்தான் அந்தக் கூட்டத்திலும் ஆளைச் சரியாகப் பிடிக்கிறது. தினமும் வேலூரில் எத்தனை பேருடைய ரத்தம் இந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று யோசித்துப் பார்.

ஒன்று மட்டும், இது ஒளிரும் சென்சார் இல்லை. வோல்டேஜ் பார்க்கிற சென்சார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளையம் பொய் சொல்லாது, ட்யூப் பொய் சொல்லும். ரத்தம் எடுக்கும்போது கட்டை இறுக்கி ரொம்ப நேரம் விட்டால், கையை மூடித் திற என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பொட்டாசியம் ஏறும். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். ஊதா மூடி ட்யூப்பில் எடுத்துச் சிவப்பு மூடிக்கு மாற்றினால் இன்னும் மோசம், அந்த ஊதா ட்யூப்பில் இருப்பதே பொட்டாசியம் உப்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 9-க்கு மேல் ஒரு பொட்டாசியம் ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோயாளி வராண்டாவில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முனைவர்_பாதியில்
புதன், இரவு 8.15

சீரம் அண்ணா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நான் ஒளிர்வு நிறமாலையில் ஆராய்ச்சி செய்கிறேன், ஐந்தாவது வருடம், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

வளையம் பிடிக்குமா என்பது பெரிய கேள்வி இல்லை, பிடிக்கும். யாரோடு போட்டி போட்டுக்கொண்டு, எந்தக் கரைசலில் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. வாத்தியார் சொன்ன 18-கிரௌன்-6-யே எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தனாலில் பொட்டாசியத்தோடு அதன் பிணைப்பு மாறிலி (எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று சொல்லும் எண்) சுமார் 10 லட்சம். தண்ணீரில் அதுவே சுமார் 100. வளையமும் அதே, பொட்டாசியமும் அதே, பத்தாயிரம் மடங்கு போய்விட்டது. ஏனென்றால் தண்ணீர் தானே பொட்டாசியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வளையம் அதைப் பிய்த்து எடுக்க வேண்டும். 100 என்றால் ஒரு மில்லிமோலார் வளையம் போட்டாலும் பத்தில் ஒரு பங்கு பொட்டாசியம்கூட உள்ளே உட்காராது. கட்டுரையில் மெத்தனாலிலோ அசிட்டோநைட்ரைலிலோ எடுத்த அழகான வளைகோட்டைப் போட்டுவிட்டுக் கடைசியில் 'நோயறிய' என்று எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும்.

ஒளிரும் வகையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. இலங்கையில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா 1986-ல் கிரௌன் ஈதரோடு ஆந்திரசீன் என்ற ஒளிரும் சாயத்தைக் கோத்தார். வளையத்தில் ஒரு நைட்ரஜன் இருக்கும். அதன் தனி எலக்ட்ரான் இணை சும்மா இருக்காது. ஒளி வாங்கிக் கிளர்ந்திருக்கிற சாயத்துக்குள் குதித்து அதன் ஒளிர்வை அணைத்துவிடும். வளையத்துக்குள் ஓர் உலோக அயனி வந்து உட்கார்ந்தால் அந்த எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், அணைக்க ஆள் இல்லை, சாயம் ஒளிரும். கதவைச் சாத்தினால் விளக்கு எரிகிற மாதிரி. இந்தக் கொள்கையில், தட்டை வளையத்துக்குப் பதில் முப்பரிமாணக் கூண்டை வைத்து, தண்ணீரிலேயே சோடியத்தை ஒதுக்கிப் பொட்டாசியத்தைப் பிடிக்கிற சென்சாரை 2003-ல் வெளியிட்டார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிற ரத்தப் பரிசோதனைக் கருவியில் அது பயன்பட்டது.

இப்போது தறிச்சத்தம், உன்னிடம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதே. பிஎச்சை, அதாவது அமில, கார அளவை, மாறாமல் பிடித்து வைக்கிற பஃபர் போட்டாயா?

தறிச்சத்தம்
புதன், இரவு 8.31

இல்லை அக்கா. வெறும் காய்ச்சி வடித்த நீர்தான். பஃபர் உப்பு பிணைப்பில் குறுக்கிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

முனைவர்_பாதியில்
புதன், இரவு 8.44

குறுக்கிடும், சரிதான். ஆனால் கடாவரின் ஒரு காரம். வெறும் நீரில் போட்டால் பிஎச் 6-லிருந்து 9, 10 என்று பறக்கும். ஃபுளோரசீன் 6.4-க்குப் பக்கத்தில் புரோட்டானை விட்டுவிட்டுப் பிரகாசமாகிற சாயம். நீ பார்த்த நாலு மடங்கு கடாவரினாலா, பிஎச்சாலா?

நாளைக்கு இரண்டு குடுவை வை. ஒன்றில் உன் கரைசல், கடாவரினுக்குப் பதில் மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. இன்னொன்றில் சைக்ளோடெக்ஸ்ட்ரினே இல்லாமல் சாயமும் கடாவரினும். பிறகு பேசலாம்.

காலை, மத்தியானக் குழப்பத்துக்கும் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி 5.6 வரை இறங்கும். அதைத் தடுத்து நிறுத்த அதில் ஒன்றும் கிடையாது. மீதிப் பாதி நம் ஊர் வெயில். உங்கள் லேபில் ஏசி உண்டா? இப்படி உள்ளே போய் உட்காரும் பிணைப்பு பொதுவாகச் சூட்டில் தளரும். பல சாயங்கள் சூட்டில் மங்கும். காலை 28 டிகிரியில் எடுத்ததையும் அக்னி நட்சத்திரத்து மத்தியானம் 40-ல் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் வைத்தால் எப்படி ஒத்துவரும்? வெளிநாட்டுக் கட்டுரையில் '25 டிகிரியில் அளந்தோம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அந்த ஒரு வரிக்கே தனி மெஷின் வேண்டும்.

தோல்ஷாப்
புதன், இரவு 9.20

ராணிப்பேட்டையிலிருந்து. உங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்த வளையத்தை வைத்துக் குரோமியம் பார்க்க முடியாதா?

வாலாஜா_வாத்தியார்
புதன், இரவு 9.47

மஞ்சளாக வருவது ஆறு இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கும். இங்கே பேசுகிற கிரௌனும் பூசணியும் நேர்மின் ஆட்களையே அதிகம் விரும்புபவை. எதிர்மின் அயனியைப் பிடிக்கவும் வளையங்கள் உண்டு, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். டைஃபினைல் கார்பசைடு என்ற வினைபொருளை அமிலத்தோடு சேர்த்தால் ஊதா நிறம் வரும், கண்ணுக்கே தெரியும். பழைய முறை, மலிவு, ஆறு இணைதிறனைத் தனியாகக் காட்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். சோதனைக்கூடத்தில் நிறமானி இருந்தால் அந்த அளவையும் பார்த்துவிடலாம். பத்து ரூபாய்ப் பூட்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சாவி எதற்கு?

மயக்கி
வியாழன், காலை 7.05

மயக்கவியல் மருத்துவன். இத்தனை பேர் வளையம் ரத்தத்தில் வேலை செய்யுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் ஊசியில் ஏற்றி நோயாளிக்குள்ளேயே அனுப்புகிறோம்.

அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்த ரோகுரோனியம் கொடுப்போம். முடிந்ததும் அதன் விளைவு போக வேண்டும், நோயாளி தானாக மூச்சு விட வேண்டும். சுகாமாடெக்ஸ் என்ற மருந்து உண்டு. காமா-சைக்ளோடெக்ஸ்ட்ரினில், அதாவது 8 குளுக்கோஸ் வளையத்தில், எட்டுக் கால்களை ஒட்டியது. அது ரத்தத்தில் போய் ரோகுரோனியம் மூலக்கூறை முழுதாக விழுங்கிக்கொள்ளும், பிறகு சிறுநீரில் வெளியேறும். அமெரிக்காவில் 2015 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கொடுத்த சில நிமிடத்தில் விரல் அசைவதைப் பார்க்கும்போது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு சிலிர்ப்பு இருக்கத்தான் செய்கிறது.

ரத்தத்தில் உப்பும் ஆல்புமினும் கொழுப்பும் இருந்தும் எப்படி வேலை செய்கிறது? அந்தக் கால்களை ரோகுரோனியத்துக்காகவே வடிவமைத்தார்கள், உள்ளே ஆழம் கூட்டினார்கள், கால் நுனியில் எதிர்மின் சுமை வைத்தார்கள். சும்மா கடையில் வாங்கிய சைக்ளோடெக்ஸ்ட்ரின் அதைச் செய்திருக்காது.

சென்சார் பக்கம் வந்தால், ரத்தத்தில் புரோகால்சிடோனின் என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையைச் சொல்ல வேண்டும். கடும் பாக்டீரியா தொற்றா என்று பார்க்க ஐசியூவில் எழுதுவோம். அதை அளக்கும் கருவிகளில் ஒன்றின் பெயர் கிரிப்டார். பெயரிலேயே கிரிப்டேட் இருக்கிறது.

முனைவர்_பாதியில்
வியாழன், இரவு 9.02

ஆகா, அதை மறந்துவிட்டேனே. டாக்டர் சார் சொன்னது, பெடர்சனோடு நோபல் வாங்கிய லேனுடைய கூண்டு. யூரோப்பியம் என்ற ஒளிரும் உலோகத்தின் அயனியைக் கிரிப்டேட் என்ற கூண்டுக்குள் பூட்டி வைப்பார்கள். இங்கே கூண்டு எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதன் வேலை பூட்டி வைப்பது மட்டும். சீரத்தில் மற்றவை எல்லாம் வந்து முட்டினாலும் யூரோப்பியம் வெளியே வராது. நோயாளியின் புரதத்தைப் பிடிப்பது ஆன்டிபாடி.

ஆதாயம் எங்கே என்றால், சீரம் தானாகவே ஒளிரும். சாதாரணச் சாயத்தின் ஒளிர்வு அந்தப் பின்னணியில் கரைந்துவிடும். ஆனால் சீரத்தின் ஒளிர்வு சில நானோ விநாடிகளில் அணைந்துவிடும், யூரோப்பியத்துடையது மில்லி விநாடி அளவுக்கு நீடிக்கும். வெளிச்சம் அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கூட்டம் கலைந்து நம் ஆள் மட்டும் நின்றுகொண்டிருப்பார். திருவிழாவில் தொலைந்த பிள்ளையை ராத்திரி கடை எல்லாம் மூடிய பிறகு தேடுகிற மாதிரி.

சீரம்_ட்யூப்
வியாழன், இரவு 10.20

வளையமே ஒளிர்கிற கதையும் ஒன்று உண்டு. எங்கள் சீனியர் ஒருவர் சொல்லிக் கேட்டது, பிறகு நானே படித்தேன். ரத்தத்தின் ஹீம் ஒரு வளையம், போர்ஃபிரின். நடுவில் இரும்பு. ஈயம் உடம்பில் ஏறினால் இரும்பை உள்ளே வைக்கிற நொதி முடங்கும். இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் துத்தநாகம் உட்காரும். இரும்பு உள்ள ஹீம் ஒளிராது, துத்தநாகம் உள்ளது ஒளிரும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நீல ஒளி அடித்து, ஆரஞ்சுச் சிவப்பு எவ்வளவு என்று பார்த்து, பேட்டரித் தொழிலாளிக்கு ஈயம் ஏறியிருக்கிறதா என்று சொன்னார்கள். வெளியிலிருந்து எந்தச் சாயமும் வேண்டாம், நோயாளியே சென்சார்.

ஆனால் இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கும் அதே துத்தநாகம்தான் போய் உட்காரும். சோகை இங்கே எத்தனை பேருக்கு! ஈயமா, முருங்கைக்கீரை போதவில்லையா என்று அந்த வெளிச்சம் பிரித்துச் சொல்லாது. ஈயம் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சோதனை காட்டவே காட்டாது. அதனால் 1991-க்குப் பிறகு குழந்தைகளுக்கு இதை நம்பாமல் ஈயத்தையே நேரடியாக அளக்க ஆரம்பித்தார்கள்.

மக்கன்பேடா, உனக்கு ஒரு வீட்டுப் பாடம். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் கடையில் கிடைக்கும். இருட்டில் பழுப்பு ஓட்டு நாட்டுக்கோழி முட்டை மேல் அடி. சிவப்பாக ஒளிரும். ஓட்டின் பழுப்புக்குக் காரணமே இந்தப் போர்ஃபிரின் வளையம்தான். லைட்டைக் கண்ணுக்கு நேராக அடிக்காதே.

தறிச்சத்தம்
சனி, மாலை 4.12

செய்து பார்த்தேன்.

கடாவரின் இல்லாமல் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு: அதே பச்சை, அதே நாலு மடங்கு, கொஞ்சம் கூடவேகூட. சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாமல் சாயமும் கடாவரினும்: அதே நாலு மடங்கு. பாஸ்பேட் பஃபரில் 7.4-ல் எல்லாம் சேர்த்தும்: ஒன்றும் அசையவில்லை.

ஆக ஆறு மாதமாக நான் செய்து வைத்திருப்பது ஒரு விலை உயர்ந்த லிட்மஸ் தாள். வளையம் அதில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது பள்ளிகொண்டா வரை அழுதேன், அதற்கப்புறம் பசித்தது.

மக்கன்பேடா
சனி, மாலை 4.20

யம்மா, அழாதே. பசித்ததே, அது நல்ல அறிகுறி.

வாலாஜா_வாத்தியார்
சனி, மாலை 5.03

கைடு கேட்காத கேள்வியை நீயே கேட்டுப் பதிலும் கண்டுபிடித்திருக்கிறாய் அம்மா. அந்த மூன்று குடுவையின் அளவுகளைத் தூக்கிப் போடாதே. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகவே எழுது. கட்டுப்பாட்டுச் சோதனை என்று தலைப்பு வைத்தால் வைவாவுக்கு வருகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

முனைவர்_பாதியில்
சனி, இரவு 9.30

எனக்கும் முதல் வருடத்தில் இதே நடந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லிவிட்டாய்.

சரி, வேலையைப் பார்ப்போம். உன் வளையம் தப்பு. கடாவரின் மெல்லிய சங்கிலி, இரண்டு முனையிலும் நேர்மின் சுமை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் வாளிக்குள் அது நிற்காது, அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. பூசணிதான் வேண்டும். குக்கர்பிட்யூரிலின் இரண்டு வாயிலும் ஆக்சிஜன் வரிசை, நேர்மின் முனைகளைக் கவ்வும். நடுவில் எண்ணெய்த் தன்மையுள்ள வயிறு, கார்பன் சங்கிலிக்கு மெத்தை. ஏழு அலகு உள்ள பூசணி, லைசினைவிடக் கடாவரினை ஆயிரம் மடங்குக்கும் மேல் விரும்பும். லைசினில் கூடுதலாக ஒட்டியிருக்கும் கார்பாக்சிலேட் என்ற எதிர்மின் பகுதி பூசணிக்குப் பிடிக்காது. இதை வைத்துத்தான் வெர்னர் நாவ் குழு 2007-ல், நொதி லைசினைக் கடாவரினாக மாற்றுவதை நேரடியாக ஒளிர்வில் பார்த்தார்கள். வளையத்துக்குள் முதலில் சாயம் உட்கார்ந்திருக்கும், கடாவரின் உண்டாக உண்டாகச் சாயத்தை வெளியே தள்ளும். விருந்தாளி வந்ததும் திண்ணையில் இருப்பவர் எழுந்துகொள்கிற மாதிரி.

சாயத்துக்குப் பெர்பெரின் எடுத்துக்கொள். நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளில் இருக்கிற மஞ்சள் பொருள் அதுதான். ஆனால் கடைக் கட்டையை அரைத்துப் போடாதே, தூய உப்பாக வாங்கு. தண்ணீரில் அது ஒளிர்வதே தெரியாது. பூசணிக்குள் போனதும் பளிச்சென்று மஞ்சள் பச்சை. கடாவரின் வந்தால் மறுபடி இருட்டு. பெர்பெரினும் இறுக்கமாக உட்காரும் ஆள் என்பதால் தள்ளுவதற்குக் கடாவரின் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

மூன்று எச்சரிக்கை. கடாவரினை ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே வாங்கு, பிஎச் எகிறாது, நாற்றமும் குறையும். பஃபருக்கு நீர்த்த அமோனியம் அசிட்டேட் போதும். சோடியம் நிறைய இருந்தால் அதுவே பூசணியின் வாயில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம், இதற்குக் கடாவரின் மட்டும் பிடிக்கும் என்று எங்கேயும் எழுதாதே. புட்ரெசின், ஹிஸ்டமின் என்று அதே குடும்பத்தார் வந்தாலும் கதவைத் திறக்கும்.

குக்கர்பிட்யூரிலை மில்லிகிராம் கணக்கில்தான் விற்கிறார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். எங்கள் லேபில் பழைய பாட்டிலில் கொஞ்சம் இருக்கிறது. என் கைடிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

தறிச்சத்தம்
சனி, இரவு 9.41

அக்கா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. சீரம் அண்ணா, மாதிரிக்கு உங்கள் லேபில் மீந்த சீரம் கொஞ்சம் கிடைக்குமா?

சீரம்_ட்யூப்
ஞாயிறு, காலை 6.30

கிடைக்காது தங்கச்சி. மீந்ததாக இருந்தாலும் அது ஒருவருடைய ரத்தம். நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்புதல் கடிதம் எல்லாம் இல்லாமல் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது. அப்புறம் எதற்கு ரத்தம்? கடாவரின் மீனில் வருகிறது என்று நீதானே முதல் வரியில் சொன்னாய். வேலூர் மீன் மார்க்கெட்டில் கானாங்கெளுத்தி வாங்கு. பாதியை ஐஸில் வை, பாதியை வெளியே வை.

தறிச்சத்தம்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.50

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பூசணியும் பெர்பெரினும் வேலை செய்தன. முதல் தடவை ஊதா லைட்டில் குடுவை மஞ்சள் பச்சையாக எரிந்ததைப் பார்த்து லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடாவரின் உப்பு சேர்க்கச் சேர்க்க இறங்கியது. பிஎச் மீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அசையவில்லை. பூசணி இல்லாமல், சாயம் இல்லாமல், கடாவரின் இல்லாமல் என்று எல்லா வெற்றுச் சோதனையும் செய்துவிட்டேன். ரீடிங் எல்லாம் காலை எட்டு மணிக்குள், தண்ணீர்த் தொட்டியில் குடுவையை வைத்து ஒரே சூட்டில் எடுத்தேன்.

மீனில்தான் தகராறு. வெளியே வைத்த துண்டின் சாறு ஒளிர்வை நன்றாக அணைத்தது. ஆனால் ஐஸில் இருந்த துண்டின் சாறும் கொஞ்சம் அணைத்தது. மீன் சாற்றிலேயே உப்பு இருக்கிறது, வேறு அமீன்களும் இருக்கும். சாற்றை இன்னும் நீர்த்தால் ஐஸ் மீன் தொந்தரவு குறைகிறது, ஆனால் கெட்ட மீனின் சமிக்ஞையும் சேர்ந்து குறைகிறது. நூறு மடங்கு நீர்த்த இடத்தில் இரண்டுக்கும் இடைவெளி நன்றாகத் தெரிகிறது, இப்போதைக்கு அங்கேயே நிற்கிறேன். ஒரே மீன், மூன்று தடவை. இன்னும் நாலைந்து மீன் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆய்வேட்டின் கடைசிப் பத்தியில் 'நோயறிய' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'மீன் சாற்றில், நூறு மடங்கு நீர்த்தலில், மொத்த அமீனுக்கு' என்று எழுதினேன். கைடு படித்துவிட்டு, இவ்வளவு குறைத்து எழுத வேண்டுமா என்றார். மூன்று குடுவை அத்தியாயத்தைக் காட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

முனைவர்_பாதியில்
வெள்ளி, இரவு 9.15

அடுத்த மீனுக்கு, சாற்றில் தெரிந்த அளவு கடாவரினை நீயே சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார். அதைக் கட்டாயம் கேட்பார்கள். பாட்டிலில் மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடு, நானும் இந்த வருடம் முடிக்கலாம் என்று இருக்கிறேன்.

சீரம்_ட்யூப்
வெள்ளி, இரவு 9.40

மீன் நாற்றத்துக்கு அட்டெண்டர் ஒன்றும் சொல்லவில்லையா?

தறிச்சத்தம்
வெள்ளி, இரவு 9.44

சொன்னார். லேப் மிக்ஸியை மீனுக்குத் தொடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்.

மக்கன்பேடா
வெள்ளி, இரவு 10.05

நானும் என் வீட்டுப் பாடத்தை முடித்தேன். கள்ள நோட்டு லைட்டை வாங்கிவந்து, கரண்ட் போன நேரத்தில் அடுப்படியில் முட்டை மேல் அடித்தேன். நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பு! பின்னாலிருந்து பார்த்த அம்மா, முட்டை கெட்டுவிட்டது என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டார். போர்ஃபிரின் என்றேன், அந்தக் கோழிக்காரனிடம் இனி வாங்காதே என்கிறார். டஜன் முட்டைக்கு யார் காசு தருவது, சீரம் அண்ணா?